இடது கையில் ஓடிய மோட்டார்

மழை பிடித்தால் போதும், நதிநிலா அடுக்ககத்தில் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். குடிநீர் மோட்டார் இல்லை. கட்டடத்தின் சாக்கடைத் தொட்டியிலிருந்து கழிவை இழுத்துத் தெருவோரத்து மழைநீர்க் கால்வாயில் தள்ளுகிற மோட்டார். கால்வாய் தெருக்கோடியில் திரும்பி அடையாற்றில் விழும். மழைத்தண்ணீரோடு கலந்து போய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது குடியிருப்போர் சங்கத்தின் எண்ணம். மழை இல்லாத நாட்களில் விடிவதற்கு முன்னால் ஓட்டுவார்கள்.

தரைத்தளத்தில் முதல் வீடு டெல்பினுடையது. மோட்டார் அறைக்கும் அவளுடைய பியானோ நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மோட்டார் ஓடினால் பியானோவின் கம்பிகள் தாமாகவே முனகும். சாந்தோமில் பிறந்தவள் அவள். சின்ன வயதிலேயே கோயிலில் ஆர்கன் வாசித்து, பிறகு பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவன் டெரன்ஸ் பங்குப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இன்னும் வேலையில் இருந்தான். ஆறு தெரியும் என்று சொல்லித்தான் அந்த வீட்டை அவர்களுக்கு விற்றார்கள். மொட்டை மாடிக்குப் போனால் தெரியத்தான் செய்தது. காலையில் அங்கே நின்று வக்கா நாரைகள் கரையோரம் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது டெல்பினுக்கு வழக்கமாக இருந்தது. கால்வாய் ஆற்றில் விழும் இடத்தில் கறுப்பு நுரை கட்டத் தொடங்கியபிறகு நாரைகள் அந்தப் பக்கம் வருவதில்லை.

சங்கக் கூட்டத்தில் அவள் இதைச் சொன்னாள். பாதாளச் சாக்கடைக்குப் போகும் பழைய குழாய் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே உடைந்துபோயிருக்கிறது, அதை மாற்றினால் மோட்டாருக்கே தேவையில்லை என்று பொறுமையாக விளக்கினாள். செயலாளர் ரகுபதி வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கார் நிறுத்துமிடத்துக்குப் புதிதாகக் கல் பதித்ததே அவர்தான். அதைப் பெயர்க்கும் பேச்சுக்கே இடமில்லை என்றார். ஊரில் எல்லாரும் செய்வதைத்தானே நாமும் செய்கிறோம் என்றும், ஆற்றைக் காப்பாற்ற நம் ஒரு கட்டடம் போதுமா என்றும் கேட்டார். கூட்டத்தில் சிரித்தார்கள்.

பொருளாளர் ஜலஜாவின் மகள் டெல்பினிடம் பியானோ கற்றுக்கொண்டிருந்தாள். ஆகவே ஜலஜாவாவது தன் பக்கம் பேசுவாள் என்று டெல்பின் எதிர்பார்த்திருந்தாள். ஜலஜா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"டீச்சர், நீங்க கிரவுண்ட் ஃப்ளோர். மோட்டாரை நிறுத்தினா மொதல்ல உங்காத்துலதான் ஏறும். எங்களுக்கென்ன?"

அதற்கும் சிரித்தார்கள். டெல்பின் நாற்காலியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அந்த வருஷம் குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று, பசுமை அடுக்ககம் என்று ஒரு பரிசை அறிவித்திருந்தது. மாடித் தோட்டமும் மட்கும் குப்பைத் தொட்டியும் வைத்திருந்த நதிநிலா அதற்கு விண்ணப்பித்து, பரிசும் கிடைத்துவிட்டது. மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு சின்ன அரங்கத்தில் விழா. பரிசு வாங்கும் கட்டடத்தார் சுற்றுச்சூழல் பற்றி ஏதாவது கலை நிகழ்ச்சி தரவேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளைகளின் நடனம் தயாராக இருந்தது. கூடவே புதுமையாக ஏதாவது வேண்டும் என்று ரகுபதிக்குத் தோன்றியது. அரங்கத்தில் பியானோ வேறு இருந்தது.

அவர் டெல்பின் வீட்டுக்கு வந்து, உட்காராமலே, ஆற்றைப் பற்றி ஒரு இசை உருப்படி போட்டு வாசிக்கச் சொன்னார். நீர் ஓடுகிற மாதிரி, குருவி கத்துகிற மாதிரி, கேட்பதற்கு இனிமையாக இருக்கவேண்டும் என்றார். அன்றைக்குக் கூட்டத்தில் நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்.

"வச்சுக்கல," என்றாள் டெல்பின்.

மழை பெய்த ஒரு மதியம் அவள் பியானோவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது சுவருக்கு அப்பால் மோட்டார் இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அவள் இடது கையைக் கீழ்க்கோடிக் கட்டைகளுக்குக் கொண்டுபோய் அந்த முனகலைத் தேடினாள். ஒரு கறுப்புக் கட்டையையும் அதற்கு அடுத்த வெள்ளைக் கட்டையையும் சேர்த்து அழுத்தி, காலால் பியானோவின் மிதியைப் பிடித்தபோது சுவரும் பியானோவும் ஒரே குரலில் பேசின. மோட்டார் காற்றை இழுக்கும்போது ஒரு தட்டு விட்டுவிட்டு ஓடும். அந்த இடறலையும் அவள் விரல் பிடித்துக்கொண்டது. கட்டடத்தில் குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த இடறல் தெரியும். தூக்கத்தில் கேட்டால்கூடத் தெரியும்.

வலது கைக்கு ஆற்றைக் கொடுத்தாள். கடலிலிருந்து அலை ஏறி வரும்போது முகத்துவாரத்துத் தண்ணீர் உள்ளே நகர்வதைப்போல ஒரு மெல்லிய இசை. அதற்கு நடுவே நாரையின் கரகரத்த கூப்பாடு, இரண்டே சுரங்களில். உருப்படி போகப் போக இடது கை மேலே ஏறிக்கொண்டே வரும். வலது கைக்கு இடம் குறைந்துகொண்டே போகும். கடைசியில் வலது கை மடியில் விழுந்துவிட, மோட்டார் மட்டும் ஓடும்.

டெரன்ஸ் அடுக்களையிலிருந்து அதைக் கேட்டான். மறுநாள் கதவோரம் வந்து நின்றான்.

"இதையா அங்க வாசிக்கப் போற?"

"ஆமா."

"நம்ம இங்கதான் குடியிருக்கணும் டெல்பின்."

"குடியிருக்கணும்னுதான் வாசிக்கிறேன்."

அவன் அடுக்களைக்குத் திரும்பிப் போனான். விழாவுக்கு வருவதாக இருந்தவன் வரவில்லை.

விழாவில் சிறப்பு விருந்தினராக வந்திருந்தவர் வஜீஹா. கல்லூரி ஒன்றில் கட்டடக்கலைப் பேராசிரியை. பரிசுக்குரிய கட்டடங்களைத் தேர்ந்தெடுத்த குழுவில் அவரும் இருந்தார். நதிநிலாக்காரர்கள் முன்வரிசைகளில் பட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடனம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் ரகுபதி ஒலிவாங்கியைப் பிடித்து, எங்கள் கட்டடத்திலேயே ஒரு பெரிய கலைஞர் இருக்கிறார் என்று அறிமுகம் செய்தார்.

டெல்பின் இடது கையைக் கீழே வைத்தாள்.

முதலில் எழுந்தது நதிநிலாக்காரர்களின் கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு. யாரோ பழக்கப்பட்ட சத்தத்தை எதிர்பாராத இடத்தில் கேட்டுவிட்ட சிரிப்பு. அது உடனே அடங்கியது. பிறகு அந்த இடறல் வந்தது. நதிநிலா வரிசைகளில் தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஜலஜா மடியிலிருந்த கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ரகுபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வெளியார் மட்டும் நல்ல இசையைக் கேட்பவர்களைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாரை கூப்பிட்ட இடத்தில் வஜீஹா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். கடைசியில் வலது கை நின்று, இடது கை தனியே ஓடி, சடாரென்று அறுந்தது.

வெளியார் கைதட்டினார்கள். வஜீஹா எழுந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார். இவ்வளவு அழகான நீரோட்டத்துக்கு அடியில் அந்தக் கனமான ஒலி என்ன, அது எதைக் குறிக்கிறது என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

டெல்பின் எழுந்து நின்றாள்.

"அது எதையும் குறிக்கலை, மேடம். அது எங்க கட்டடத்து மோட்டார். சாக்கடையை மழைநீர்க் கால்வாயில விடுற மோட்டார். இங்க முன்னாடி உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும்."

ரகுபதி பாய்ந்து வந்தார். கலைஞர்கள் என்றாலே கற்பனை அதிகம் என்று சிரித்தபடி சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. வஜீஹா முன்வரிசையைப் பார்த்து, அப்படியா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். ஒருவராவது இல்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் தங்கள் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டமைப்புத் தலைவர் கேடயத்தை மேசைக்குக் கீழே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு எல்லாரையும் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்த வேனில் டெல்பினுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் ஆட்டோ பிடித்து வந்தாள்.

மறுநாளிலிருந்து பகை வீட்டு வாசலுக்கு வந்தது. சங்கத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து அவளை நீக்குவதற்கு முன்னால் எல்லாரையும் நிறையப் பேசவிட்டார்கள். சோறு போட்ட கையைக் கடிப்பவள் என்று ஒருவர் எழுதினார். சோறு யார் போட்டது என்று அவளுக்கு விளங்கவில்லை. மதமாற்றக் கூட்டம் என்று இன்னொருவர் எழுதினார், அதற்கும் கட்டைவிரல்கள் எழுந்தன. அவள் வாசலை அடைத்தாற்போல யாரோ காரை நிறுத்தினார்கள். பக்கவாட்டாக உடம்பை நுழைத்துத்தான் டெரன்ஸ் வேலைக்குப் போய் வரவேண்டியிருந்தது. குடியிருப்புக்குள் இசைக்கருவி வாசிப்பது அமைதியைக் கெடுக்கிறது என்று லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். கட்டடத்துப் பிள்ளைகள் வகுப்புக்கு வருவது நின்றது. ஜலஜா மட்டும் நேரில் வந்து, மகளின் இசைப் புத்தகங்களைத் திரும்பக் கேட்டாள்.

"அவ நல்லா வாசிக்கிறா. நிறுத்தாதீங்க," என்றாள் டெல்பின்.

"வாசிப்பா. உங்ககிட்ட இல்ல," என்று சொல்லிவிட்டு ஜலஜா புத்தகங்களை எண்ணாமலே வாங்கிக்கொண்டு போனாள்.

வஜீஹா சும்மா இருக்கவில்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அவர் எழுதிப்போட, அதிகாரி ஒருவர் வந்தார். மோட்டாரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், யார் சொல்லி ஓட்டியது என்று கேட்டார். ரகுபதி கொஞ்சமும் தயங்கவில்லை. சங்கத்துக்கு இதைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்றும், பிளம்பர் அம்மாசி தன் வேலையைச் சுலபமாக்கிக்கொள்ள அவனாகவே இப்படிச் செய்திருக்கிறான் என்றும் சொன்னார். அம்மாசியை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகவும் சொன்னார்.

அம்மாசி பல வருஷமாக அங்கே வேலை பார்த்தவர். முன்பு ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து நடந்தே வருவார். கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று அங்கிருந்தவர்களைப் பெயர்த்து நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடிவைத்தபிறகு பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். வேலை போன அன்று சாயங்காலம் அவர் டெல்பின் வாசலுக்கு வந்தார். காருக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"நீங்க பொட்டி வாசிச்சீங்க. எல்லாம் கை தட்னாங்கோ. எனக்கு இன்னா கெட்ச்சுது பாத்தீங்களா?"

தான் அவர் பெயரைச் சொல்லவே இல்லை என்றாள் டெல்பின்.

"சொல்ல வேணாமே டீச்சர். மோட்டார் தானா ஓடுமா? சுச்சு போடறது யாருன்னு கேப்பாங்க இல்ல? அது உங்களுக்குத் தோணவே இல்லியா?"

தோன்றவில்லை. அம்மாசி காரை ஒட்டி உடம்பை நுழைத்து வெளியே போய்விட்டார்.

அடுத்த நாளே டெல்பின் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். மோட்டாரை ஓட்டச் சொன்னது சங்கம்தான் என்றும், கூட்டத்தில் ரகுபதி தன் வாயாலேயே அதை ஒப்புக்கொண்டார் என்றும் வாக்குமூலம் கொடுத்தாள். கூட்டத்திலிருந்த வேறு யாராவது இதைச் சொல்வார்களா என்று அதிகாரி கேட்டார். அவள் ஜலஜாவின் பெயரைச் சொன்னாள். ஜலஜாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று ஜலஜா எழுதிக் கொடுத்தாள். அதிகாரிக்கு யார் மேல் குற்றம் என்பது தேவைப்படவும் இல்லை. கால்வாய்க்குப் போகும் குழாயில் சிமென்டை அடைத்து, மோட்டாரைக் கழற்றி எடுத்துப்போனார்கள். அம்மாசி பெயர் அறிக்கையில் இருந்தபடியே இருந்துவிட்டது.

குழாய் அடைபட்டதும் கார் நிறுத்துமிடத்தைத் தோண்டவேண்டும். அதுவரை லாரி வைத்துத் தொட்டியைக் காலி செய்யவேண்டும். ரகுபதி இரண்டையும் செய்யவில்லை. பிரச்சினையைக் கிளப்பியவர்களே தீர்க்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். மேல்தளங்களில் எல்லாரும் எப்போதும்போலக் குளித்தார்கள், துவைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்பினும் டெரன்ஸும் பூசை முடிந்து கோயிலிலிருந்து திரும்பியபோது குளியலறைச் சல்லடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கிக் கூடத்துக்கு வந்திருந்தது.

டெரன்ஸ் செருப்போடு அதில் நின்றான். மேல்தளத்துக்கு ஓடிப்போய்க் கதவுகளைத் தட்டி, தண்ணீர் விடாதீர்கள், ஒரு கை கொடுங்கள், பியானோவைத் தூக்கிச் செங்கல் மேல் வைக்கவேண்டும் என்று கேட்டான். சில கதவுகள் திறக்கவில்லை. திறந்த கதவுகளில் இடுப்பு வலி, விருந்தாளி, வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். ரகுபதி கதவைத் திறந்து, அவன் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வாசிக்கச் சொல்லுங்கோ. வடிஞ்சுடும்," என்றார்.

டெரன்ஸ் அமைதியான மனிதன். கீழே வந்தவன் முகம் வெளுத்திருந்தது. இருவரும் பியானோவின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். விரல்கடை உயரம்கூட அசையவில்லை. சாக்கடை மிதிகளை மூடி, அடிப்பலகைக்குள் ஏறியது. டெல்பின் மிதியடிகளையும் போர்வைகளையும் சுற்றி அடைத்துப் பார்த்தாள். டெரன்ஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"போதும். உன் ஆறு உன் வீட்டுக்கே வந்திருச்சு. இப்பவாவது திருப்திதானா?"

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு திருவல்லிக்கேணியில் தங்கை வீட்டுக்குப் போனான். அவளையும் கூப்பிட்டான். அவள் போகவில்லை. போனால் இந்த வீட்டைப் பூட்டிச் சாவியை ரகுபதி கையில் கொடுத்ததுபோல ஆகிவிடும் என்று நினைத்தாள். சாப்பாட்டு மேசையின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் அழுகைகூட வரவில்லை.

மறுநாள் சாக்கடை கூடத்தைத் தாண்டி வராந்தாவுக்கு வந்து, அங்கிருந்து புதுக் கற்கள்மேல் பரவி, வரிசையாக நின்ற கார்களின் சக்கரங்களைத் தொட்டது. அதற்குப் பிறகுதான் லாரி வந்தது. லாரியைத் தொடர்ந்து கடப்பாரைகள் வந்தன. ரகுபதி மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் பதித்த கற்களைப் பெயர்த்து எடுத்தார்கள். பழைய குழாயைத் தூக்கிப் போட்டுப் புதுக் குழாயைப் பாதாளச் சாக்கடையோடு சேர்த்தார்கள். டெல்பினிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் செலவில் அவளுடைய பங்கைக் கேட்டு மட்டும் ஆள் வந்தான். கொடுத்தாள்.

டெரன்ஸ் திரும்பி வந்தான். பினாயில் போட்டுத் தரையைத் தேய்த்தான். பியானோவின் அடிப்பலகையை மாற்றினார்கள். ஆனாலும் கீழ்க்கோடிக் கட்டைகளில் சில அழுத்தினால் எழுவதில்லை. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ஆறு கறுப்பாகத்தான் ஓடியது. அதில் விழுவதற்கு இன்னும் எத்தனையோ குழாய்கள் இருந்தன. தங்கள் தெருக் கால்வாய் விழும் இடத்தில் மட்டும் நுரை இல்லை. டெல்பினுக்கு அதில் சந்தோஷம் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷமாக இருந்தது.

வஜீஹா தன் கல்லூரியில் வந்து அதே உருப்படியை வாசிக்கக் கூப்பிட்டார். டெல்பின் சரி என்றாள். அதற்கு முன்னால் அம்மாசிக்கு ஒரு வழி செய்யவேண்டும் என்று டெரன்ஸை நச்சரித்து, அவன் பள்ளியில் பராமரிப்பு வேலை ஒன்றுக்குப் பேசி முடிக்க வைத்தாள். போனை அம்மாசி எடுக்கவில்லை. ஆகவே விலாசம் விசாரித்துக்கொண்டு, பஸ் மாறி, நகரத்துக்கு வெளியே அந்த அடுக்குமாடிகளுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது அம்மாசியின் மனைவி தேவானை. டெல்பின் யார் என்று சொன்னதும் கதவை அகலத் திறக்காமல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டாள். டெல்பின் பள்ளி வேலையைப் பற்றிச் சொன்னாள். நல்ல பள்ளி, சம்பளம் ஒழுங்காக வரும், நாளையே வரலாம் என்றாள்.

தேவானை முழுவதும் கேட்டாள்.

"அவரு வேற எடத்துல சேந்துட்டாரு. உங்க வேலை வேணாம்."

"அங்கே இங்கேன்னு அலையறதைவிட இது நிரந்தரம்மா. நான் செஞ்ச தப்புக்கு..."

"ஆத்தைச் சுத்தம் பண்றோம்னு எங்களைத் தூக்கியாந்து இங்க போட்டாங்கோ. பொறவு ஆத்துக்காவ நீங்க பொட்டி வாசிச்சி, அவரு வேலையும் பூட்ச்சு. ஆறு நல்லாருக்கட்டும்மா. நாங்க அதத் தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டோம்."

கொஞ்சம் நிறுத்தி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "உங்க பாட்ல மோட்டார் கீதாம், நாரை கீதாம். எங்க ஊட்டுக்காரரு எங்க கீறாரு?"

"இல்ல," என்றாள் டெல்பின்.

தேவானை தலையை ஆட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

லிஃப்ட் ஓடவில்லை. டெல்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். பாதி வழியில் தோளில் தண்ணீர்க் கேனோடு அம்மாசி மேலே வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சுவரோடு ஒதுங்கி நின்றார், அவள் போகட்டும் என்று. அவள் அவர் எதிரே நின்றாள். அந்த அறிக்கையில் அவர் பெயரை எடுக்கச் சொல்லித் திரும்பவும் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள்.

"எழுதுங்க," என்றார் அவர். கேனைத் தோள் மாற்றிக்கொண்டார். "இன்னொரு தபா இங்க வராதீங்க டீச்சர். பொழுது போனா திரும்ப பஸ் கெடைக்காது."

அவர் ஏறிப் போன பிறகும் படியில் சிந்திய தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டெல்பின் வழுக்காமல் பார்த்து இறங்கி, வெயிலில் நிறுத்தத்துக்கு நடந்தாள். பஸ் வருகிற வழியாக இல்லை.